ஐந்து வீட்டுக்கு ஒரு மீட்டர்

எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். வீடு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஆளுக்கு ஓர் அறை, அதில் ஒரு மூலை சமையலுக்கு, இன்னொரு மூலை குளிப்பதற்கு. புனேவின் போபோடியில் இந்த மாதிரி வரிசைகள் சந்துக்குச் சந்து உண்டு. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரே மீட்டர். அது ஓனர் பெயரில் இருந்தது. அவர் மாடியில் மனைவியோடு இருந்தார். அவருக்குத் தனி மீட்டர், தனி ஏசி. எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் சித்தப்பா என்று அர்த்தம். எங்கள் பேச்சு இந்தியில் நடக்கும். கோபம் வந்தால் அவர் மராத்திக்குப் போய்விடுவார், நான் தமிழுக்கு வந்துவிடுவேன்.

பில்லைப் பாயின்ட் கணக்கில் பிரிப்பது எங்கள் வழக்கம். லைட் ஒரு பாயின்ட், ஃபேன் ஒரு பாயின்ட், டிவி ஒரு பாயின்ட். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. ஹீட்டர் மட்டும் கூடவே கூடாது. எவனாவது கள்ளத்தனமாக வாளிக்குள் ஹீட்டர் கம்பியை இறக்கினால், மீட்டரில் சிவப்பு விளக்கு துடிக்கிற துடிப்பிலேயே காகாவுக்குத் தெரிந்துவிடும். படியில் நின்றபடியே வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசுவார்.

இந்த ஒற்றை மீட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கொஞ்சமாக எரித்தால் யூனிட் விலை குறைவு, நிறைய எரித்தால் விலை ஏறும். நல்ல நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஏழை வீடுகள் ஒரே மீட்டரில் எரித்தால், பில் போடுகிறவர்கள் கண்ணுக்கு அது ஒரு பெரிய பணக்கார வீடு. ஆளுக்கு ஒரு ஃபேனை ஓட்டிவிட்டு நாங்கள் பங்களாக்காரன் விலை கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கம்பக்கத்தில் இதைச் சொன்னால், "பாபி, நீங்க டீச்சர், உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று முடித்துவிடுவார்கள். பாபி என்றால் அண்ணி. தெரிந்து என்ன செய்ய? நாக்கு வழிக்கவா?

நான் பிறந்து வளர்ந்தது பக்கத்துக் கட்கியில். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். என் கணவர் வாலிபத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலை தேடி வந்தவர். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருந்தார். நுரையீரல் கெட்டது பெயின்டாலா பீடியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டையும் கேட்டாத்தாம்மா தெரியும்" என்றார். அவர் கிண்டல் பண்ணுகிற நேரமா அது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அவரே ஒரு மெஷினைப் பற்றிச் சொன்னார். அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும், ஒரு சின்ன பீரோ உயரம். தூங்கும்போதும், பகலில் பாதி நேரத்துக்கு மேலும் அது ஓட வேண்டும். ஓடினால் இவர் வீட்டிலேயே இருக்கலாம், ஓடாவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன், பாத்துக்கோ" என்றார் என் கணவர். பயமுறுத்துகிறவர் இல்லை அவர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

செகண்ட்-ஹேண்டில் ஒரு மெஷின் கிடைத்தது. அது வந்த சாயங்காலமே காகா வரிசையைக் கூட்டினார். நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராகப் போய் நின்றேன். இந்த மெஷின் எத்தனை பாயின்ட் என்பதுதான் பேச்சு. நாள் முழுக்க ஓடுகிற சாமான். ஐந்து என்பார்களோ, பத்து என்பார்களோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் இஸ்திரி போடும் தாயி ஒருத்தி இருந்தாள். தாயி என்றால் அக்கா. சந்து முனையில் கரிப்பெட்டியை வைத்துத் துணி தேய்ப்பவள், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதுல என்ன வருது?"

"காத்துதான் வருது" என்றேன்.

"காத்து வந்தா அது ஃபேன். ஒரு பாயின்ட்."

காகா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, ஃபேன்" என்றார். அவ்வளவுதான் கூட்டம். சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு நான் உள்ளே வந்து அழுதேன்.

அடுத்த தொல்லை வோல்டேஜ். சாயங்காலமானால் காகா ஏசியைப் போடுவார், வரிசையில் டிவி எல்லாம் ஓடும், மாடிக்கும் சேர்த்துக் கம்பத்திலிருந்து வருகிற ஒரே பழைய வயர் இழுக்க முடியாமல் இழுக்கும். லைட் மஞ்சளாகும். உடனே அந்தச் சவத்து மெஷின் கீக் கீக் என்று கத்த ஆரம்பிக்கும். அது கத்தினால் ஆக்ஸிஜன் சரியாக வரவில்லை என்று அர்த்தம். முதல் தடவை கத்தியபோது தாயி ஓடி வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். தன் டிவியை அணைத்துவிட்டு வந்தாள். கத்தல் நின்றது. அன்றிலிருந்து அதுவே எங்கள் வரிசைச் சட்டமாகிவிட்டது. மெஷின் கத்தினால் எல்லோரும் எல்லாவற்றையும் அணைப்பது. யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை.

மூன்றாவது அறையில் ஒரு டிரைவர் குடும்பம். ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிக்காரர்களை இரவெல்லாம் வீட்டில் கொண்டு விட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு வந்து படுப்பவன். பகலில் கத்தினால் அவனும் தூக்கத்திலேயே கையை நீட்டி ஃபேனை அணைப்பான். வேர்த்து ஊற்ற ஊற்றப் படுத்திருப்பான். மாடியில் காகா ஏசியை நிறுத்துவார். அவர் மனைவிக்கு வெயில் என்றாலே தலைவலி வரும். அந்தம்மா முணுமுணுப்பது எங்களுக்குக் கேட்கும். ஆனாலும் ஏசி நிற்கும். மற்ற இரண்டு அறைகளிலும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பூட்டியே கிடக்கும்.

வியாழக்கிழமை கரண்ட் நிற்பது புனேவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பராமரிப்பு என்பார்கள். அதற்காகப் புதன்கிழமையே ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். இன்வெர்ட்டர் வாங்கலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. அந்த மெஷின் தின்கிற தீனிக்கு எங்களால் வாங்க முடிகிற இன்வெர்ட்டர் ஒரு சினிமா முடியும் முன்னே படுத்துவிடும்.

ஊரிலிருந்து நாத்தனார் போன் பண்ணுவாள். "மைனி, அங்க கெடந்து ஏன் சாவுதிய? இங்க வந்திருங்க. இங்க கொஞ்சம் கரண்டு ஃப்ரீ, தெரியும்லா? கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் நம்ம ஊர்லதான சுத்துது!"

"காத்தாடி சுத்துனா போதுமா? டாக்டர் சுத்தணும்லா?" என்பேன். அவர்கள் ஊரிலிருந்து இந்த வியாதிக்கு டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கே டாக்டர் இருக்கிறார், கரண்ட் இல்லை. அங்கே கரண்ட் இருக்கிறது, டாக்டர் இல்லை. எங்கள் மூச்சை எந்த ஊரில் கொண்டு போய் வைப்பது?

சனிக்கிழமைகளில் ஹிஞ்சேவாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போவேன். பதினாறாவது மாடியோ என்னவோ, லிப்ட்டில் காது அடைக்கும். குழந்தைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் ஆசையாகப் படிக்கும். ஒரு நாள் பாடத்தில் 'மின்வெட்டு' என்று ஒரு வார்த்தை வந்தது. கரண்ட் போவது என்றேன். "போனா வந்துரும்ல மிஸ்?" என்றது. வராவிட்டால் என்றேன். அது என்னைப் பாவம் போலப் பார்த்து, "இல்ல மிஸ், வந்துரும். கீழ மெஷின் இருக்கு. டக்னு வந்துரும்" என்று எனக்குத் தைரியம் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தை மேல் என்ன கோபம்? அங்கே கரண்ட் போவது ஒரு தும்மல் மாதிரி, முடிந்ததும் யாருக்கும் நினைவிருக்காது. அதன் அம்மா நல்ல பெண். நான் வேர்த்துப் போய் வருகிறேன் என்று எனக்காகவே ஏசியைக் கூட்டி வைப்பாள். அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இந்நேரம் வீட்டில் மெஷின் கத்துகிறதோ என்றுதான் எனக்கு மனசு ஓடும்.

காகாவிடம் தனி மீட்டர் கேட்டேன். தனி மீட்டர் என்றால் கம்பத்திலிருந்து புது வயரும் தனியாக வரும் என்று வயர்மேன் சொல்லியிருந்தான். அது வந்தால் வோல்டேஜ் தொல்லை முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஓனர் கையெழுத்து மட்டும் வேண்டும். காகா முகம் சுருங்கிவிட்டது.

"அது மட்டும் கேக்காதீங்க பாபி. மீட்டர் குடுத்தா வீடு குடுத்த மாதிரி."

அவர் சொன்னதில் கதை இருந்தது. ரோட்டுப் பக்கம் அவர் அப்பா காலத்துக் கடை ஒன்று இருந்ததாம். வாடகைக்கு இருந்தவன் தன் பெயரில் மீட்டர் வாங்கிக்கொண்டான். பிறகு அந்த மீட்டர் பில்லையே கோர்ட்டில் காட்டி, இடம் தன்னுடையது என்று நின்றான். கேஸ் நடந்துகொண்டே இருந்தது, அப்பா போய்விட்டார், கடை இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? எனக்கு அது புரிந்தது. புரிந்தும் நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்டேன், கெஞ்சினேன், ஒரு நாள் தமிழுக்கே வந்துவிட்டேன். அவர் மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். அன்று சாயங்காலம் மெஷின் கத்தியதும் அவர் ஏசி எப்போதும்போல நின்றது. இந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் மாத வெயிலில் அது நடந்தது. எங்களுக்குக் காலை நேரப் பள்ளிக்கூடம். நான் கிளம்பும்போது அவர் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள், ஊரெல்லாம் புழுதி. முந்தின நாள்தான் மெஷினின் ஃபில்டரைக் கழுவிப் போட்டிருந்தேன். அந்தப் புழுதி ஒரே நாளில் அதை மறுபடி அடைத்துவிட்டது. மெஷின் கத்த ஆரம்பித்திருக்கிறது.

மெஷின் கத்தினால் வரிசைக்குத் தெரிந்தது ஒன்றுதானே. தாயி டிவியை அணைத்தாள். டிரைவர் ஃபேனை அணைத்தான். காகா ஏசியை அணைத்தார். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. ஃபிரிஜ்ஜை நிறுத்தினார்கள், போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கினார்கள். நிற்கவில்லை. காகா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி வந்திருக்கிறார். பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. எவனோ ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். சாவி இல்லை, கதவை உடைக்கவா முடியும்? படிக்குக் கீழே போய், மீட்டர் விளக்கைக்கூடப் பார்க்காமல், வரிசை முழுவதற்குமான மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்.

கத்தல் நின்றது. எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சு விட்டிருக்கிறார்கள். மெஷினே நின்றுபோனதால்தான் கத்தல் நின்றது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கரண்ட் போனால் கத்துவதற்கென்று அந்த மெஷினுக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. எங்களுடையது செகண்ட்-ஹேண்ட், அந்த பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. தாயி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அவர் கட்டிலில் கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தூங்குகிறார் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

நான் சந்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் வெளியே நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். "பாபி, இன்னைக்கு ரொம்பக் கத்திருச்சு, நாங்க நிறுத்திட்டோம்" என்றான் டிரைவர், பெருமையாக. அவன் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கதவைத் திறந்தேன். அந்த மெஷினின் சத்தத்துக்கு என் காது பழகியிருந்தது. அது இல்லாத அறையை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்தார். கூப்பிட முயன்றார், குரல் வரவில்லை. சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதைத் திருகித் திறக்கிற பலம் அந்தக் கையில் இல்லை. "யாத்தாடி!" என்று நான் கத்திய கத்தலில் சந்தே கூடிவிட்டது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். பதற்றத்தில் மூக்கில் சரியாக மாட்டக்கூட வரவில்லை, தாயிதான் பிடித்து மாட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அவர் முதலில் சொன்ன வார்த்தை, "ஏசாத."

ஏசாமல் இருப்பேனா? மூன்று பாஷையிலும் ஏசினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தமிழிலேயே சொன்னேன். மெயினை இழுக்க உங்களுக்கு எந்த மூதேவி சொன்னாள், உள்ளே ஓர் ஆள் மூச்சு விடுகிறான் என்று தெரியாதா என்று கத்தினேன். தாயி தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். டிரைவர் சுவரோடு ஒட்டி நின்றான். காகா படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டையும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஏசுவதை நிறுத்தினேன். இத்தனை பேரும் அந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தது யாருக்காக? இவர்களை ஏசி நான் எந்த நரகத்துக்குப் போவேன்? ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு வயர், ஒரு மீட்டர், அது இருந்திருந்தால் இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு மனிதனைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்க மாட்டார்களே.

மறுநாள் காலையில் காகா தாளோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல. "பாபி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உங்க ரூமுக்குத் தனி மீட்டர் வாங்கிக்குங்க" என்றார். நான் அவர் காலில் விழாத குறைதான்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எங்களுக்கு மட்டுமா காகா?"

"உங்களுக்குத்தான. உங்களுக்குத்தான் மெஷின் இருக்கு."

"அப்ப வேணாம்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "அஞ்சு வீட்டுக்கும் குடுங்க. இல்லன்னா வேணாம்." காகா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நேத்து செத்துப் பொழைச்சிருக்கிய. உங்க மூச்ச வச்சா ஊருக்கு மீட்டர் வாங்கணும்?"

அவர் கோபப்படவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி, அவர் பேசியது இதுதான்: "ஏட்டி, நான் வேல பாத்த கம்பெனிக்குத் தனி லைன். ஒரு நாள் லைட் கண் சிமிட்டுனா பெரிய பெரிய ஆளெல்லாம் ஓடி வருவான். வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயக் காடு. கரண்டு எப்ப வரும், மோட்டார் எப்ப போடலாம்னு பொம்பளையாளு காத்துக் கெடக்கும். கம்பெனி பஸ்ல இருந்து தெனமும் பாப்பேன். அந்தக் கம்பெனிச் சோறுதான் நாம தின்னோம், கொற சொல்லல. ஆனா இவ்வளவு நாளும் இவங்க ஃபேன அணைச்சு எனக்குக் காத்து குடுத்திருக்காங்க. இப்ப நான் மட்டும் தனி லைன் போட்டுக்கிட்டு, இவங்க பாக்கப் படுத்துக் கெடக்கணுமா? எனக்கு வெக்கமா இருக்குட்டி."

"வெக்கம் இருக்கட்டும், ஆளு இருக்கணும்லா?" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சோற்றைப் போட்டேன், மாத்திரையைக் கொடுத்தேன், ஃபில்டரைத் தினமும் கழுவினேன். பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே என் கோபம் வரிசைக்குத் தெரிந்துவிட்டது. தாயி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தாதா, எங்களுக்கு எதுக்கு மீட்டர்? கரிப்பெட்டிக்குக் கரண்டா வேணும்? நீங்க வாங்கிக்குங்க" என்று கெஞ்சினாள். தாதா என்றால் அண்ணன். அவர் சிரித்தபடி தலையை ஆட்டி மாட்டேன் என்றார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். வெயில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் மெஷின் கத்தும்போது, இன்றைக்கா, இன்றைக்கா என்று சிலிண்டர் திருகில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து திரும்பியபோது காகா எங்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டிக் கிடக்கும் அறைக்காரர்கள்கூட அன்று வீட்டில் இருந்தார்கள். வரிசை முழுக்க வாசலில் நின்றது. நீளமான குழாயை மாட்டிக்கொண்டு என் கணவரும் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். காகா மடியில் மடித்த தாள் இருந்தது. ஐந்தா ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு நீங்க எல்லாரும் பிள்ளைங்க மாதிரி" என்றார் காகா. "ஆனா இந்த வீட்டை விட்டா எனக்கும் என் பொண்டாட்டிக்கும் வேற ஒண்ணும் இல்ல. கடை போன மாதிரி இதுவும் போச்சுன்னா நாங்க தெருவுல நிப்போம். நாளைக்கு இதுல யாராவது ஒருத்தர், மீட்டர் என் பேர்ல இருக்கு, ரூம் எனக்குத்தான்னு சொன்னா நான் எங்க போவேன்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கோர்ட்டுக்கு அலைந்து செத்த அப்பாவைப் பார்த்த மனிதர் அவர்.

"அப்படி யாரும் சொல்லாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார் என் கணவர், இந்தியும் தமிழுமாக. "எல்லாருக்கும் நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பா?" காகா சட்டென்று கேட்டுவிட்டார். "நீங்க எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாயி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே மெஷின் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வாசல் வரை வந்தது. எந்தக் கேள்வியை டாக்டரிடம்கூட நான் கேட்கத் துணியவில்லையோ, அது நடு வாசலில் வந்து விழுந்து கிடந்தது. காகாவின் மேல் பாய வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது.

என் கணவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், தோள் குலுங்க, அதனால் இருமல் வந்து, இருமி முடிக்க நேரமாயிற்று. பிறகு அவர் காகாவின் முழங்காலில் கை வைத்தார்.

"லைட் இருக்கிற வரைக்கும் இருப்பேன் காகா. அதத்தான கேக்கேன்."

காகா மடியிலிருந்த தாளைப் பிரித்து அவரிடம் நீட்டினார். ஐந்து இருந்தன.